புயலுக்கு வைத்த ரேடியோ

புயலடித்துக் கரண்ட் போனால் செய்தி கேட்க, பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு சிற்றலை ரேடியோ செய்து வைத்தார்கள். கடல் தாண்டிய குரலொன்று முதன்முதலாகத் தன் வழியே வந்ததும் ஸ்பீக்கருக்குத் தலைகால் புரியவில்லை.

"நாம தயாரா இருக்கோமான்னு தினமும் சோதிச்சுப் பார்க்கணும்ல?" என்று சுவிட்சைக் கேட்டது. சுவிட்சும் டக்கென்று விழுந்தது.

காலையில் சோதித்தன. மாலையில் சோதித்தன. நல்ல பாட்டு கிடைத்தால் அது முடியும்வரை சோதித்தன.

"போதும் தம்பி" என்றது பேட்டரி.

"சும்மா சோதனைதானே அண்ணே" என்றது ஸ்பீக்கர்.

பத்தாம் நாள் புயல் வந்தது, கரண்ட் போனது. வீடே டப்பாவைச் சுற்றி உட்கார்ந்தது. ஸ்பீக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அண்ணே, இன்னைக்கு நிஜம்."

"எனக்கு தினமுமே நிஜமாத்தான் இருந்துச்சு தம்பி" என்று முனகி அடங்கியது பேட்டரி.