மஞ்சள் தாள்

“மாமா, என் தாளை மட்டும் ஏன் உருவறீங்க?”

வேதாந்தம் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில், மேசைமேல் முகவாயை வைத்துக்கொண்டு ஒரு சிறுமி கேட்ட கேள்வி இது. சட்டைப்பையில் இருந்த கமர்கட்டை எடுத்து அவள் கையில் வைத்து, “யார்கிட்டயும் சொல்லப்படாது, என்ன?” என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போனாள். அதன்பிறகு இருபத்தெட்டு வருஷமாக எந்தக் குழந்தையின் எதிரிலும் அவர் தாளை உருவியதில்லை.

அபிராமபுரத்தில் இருந்த அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர வெள்ளைப் பாரம். சம்பளச் சலுகை வேண்டுமானால் கூடவே ஒரு மஞ்சள் தாள். அதைப் பாரத்தின் இடது மூலையில் குண்டூசியால் குத்திக் கொடுக்க வேண்டும். மஞ்சள் தாள் வைத்தால் இடம் கிடையாது என்று எந்த விதியிலும் இல்லை. ஆனால் கரஸ்பாண்டென்ட் அனந்தராமன் அடுக்கும்போது மஞ்சளெல்லாம் அடியில் போய்விடும். கெட்டவர் அல்ல, பணமில்லாத பிள்ளைகள் பாதியில் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். அடிவரைக்கும் வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும்.

“சார், மஞ்சத் தாள் வெச்சா சீட்டு கெடைக்காதாமே? வெளிய பேசிக்கினு கீறாங்க,” என்றார் பீர் முஹம்மது. கச்சேரி ரோட்டில் பள்ளிக்கூடப் பை தைக்கிறவர். பக்கத்தில் மகள் அதீபா, எண்ணெய் வழியப் பின்னிய இரட்டைச் சடையோடு நின்றாள்.

“யாரு சொன்னா?”

“அல்லாருந்தான். வாணாம்னா எடுத்துடறேன் சார். ஆனா முழு ஃபீஸு கட்ட நம்மால ஆவாது. வெச்சாலும் போச்சு, வெக்காங்காட்டியும் போச்சு. இன்னா பண்றது, நீயே சொல்லு.”

வேதாந்தம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பாய், நீங்க தைச்ச பை என்னிக்காவது பிரிஞ்சிருக்கோ?”

“நம்ம தையலா? துணி கிழியும் சார், தையல் பிரியாது!”

“அப்போ என் வேலையை என்கிட்ட விட்டுட்டுப் போங்கோ.”

அவர்கள் தெருமுனை தாண்டியதும் குண்டூசியை மெல்ல உருவினார். மஞ்சள் தாள் மேசை டிராயரில், துளசிப் பொட்டலத்துக்கு அடியில் போயிற்று. இந்த வருஷம் இது பதினோராவது. பட்டியல் ஒட்டியபிறகு திரும்பக் குத்திவிடுவார். இடம் கிடைத்த பிள்ளைக்குச் சலுகை மறுக்க முடியாது. அதற்கென்றே ஒரு புண்ணியவான் எழுதிவைத்த நிதி இருந்தது.

சாயங்காலம் தலைமையாசிரியை தேவானையின் மேசையில் பாரக் கட்டைக் கொண்டுபோய் வைத்தார். அந்த அம்மாள் மதுரைப் பக்கம் வேலை பார்த்துவிட்டு இரண்டு மாதத்துக்கு முன்தான் இங்கே வந்தவர். அதிகம் பேசமாட்டார்.

அப்போது அனந்தராமன் உள்ளே வந்தார். “வேதாந்தம், போன வருஷம் லிஸ்டு போட்டப்புறம் ஒம்பது மஞ்சத் தாள் முளைச்சுது. எப்படி ஓய்?”

“நல்ல மழை பெஞ்சுதே சார்.”

“கிண்டலா? நாளைக்குக் காலம்பற ஒவ்வொரு பாரத்தையும் நானே வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கப்போறேன். குண்டூசி ஓட்டை பொய் சொல்லாது. ஓட்டை இருக்கறதெல்லாம் அடியில போயிடும்!”

இத்தனை வருஷத்தில் அந்தச் சின்ன ஓட்டையை வேதாந்தம் நினைத்துப் பார்த்ததே இல்லை. தேவானை கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவரிடம், “நீங்க கிளம்புங்க சார், நான் பூட்டிக்கறேன்,” என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேசவப் பெருமாள் கோவிலில் நின்றார். ‘பெருமாளே, அந்த பாய்கிட்ட வீறாப்பாப் பேசிட்டேன். தையல் பிரியாம பார்த்துக்கோ.’

மறுநாள் காலை தலைமையாசிரியை அறையிலிருந்து அனந்தராமனின் குரல் வராந்தாவரை கேட்டது.

“என்னம்மா இது! நூத்தி அறுவது பாரத்துலயும் ஓட்டை இருக்கு! என் அக்கா பேரன் பாரத்துலகூட ஓட்டை!”

“அப்போ எல்லாத்தையும் அடியில வெச்சுடலாமா சார்?” என்றது தேவானையின் நிதானமான குரல்.

அனந்தராமன் சிரித்துவிட்டார். “ஆளை விடும்மா. மார்க்கைப் பார்த்தே போடு.”

மதியம் பட்டியலைத் தேவானையே கொண்டுவந்து நீட்டினார். முதல் பெயர் அதீபா. நீட்டிய கையின் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி.

“கையில என்னம்மா?”

“குண்டூசி குத்திடுச்சு சார். ஒண்ணுமில்லை.”

வேதாந்தம் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் போய்விட்டார்.

அறிவிப்புப் பலகையில் பட்டியலை ஒட்டியதும், பீர் முஹம்மது மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். “சார், அந்த மஞ்சத் தாளு?”

“அது பத்திரமா இருக்கு பாய். உங்களுக்கு மட்டுந்தான் கெட்டியாத் தைக்கத் தெரியுமோ?”

சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குத் திரும்பினார். தாள்களைக் குத்திவைக்க டிராயரைத் திறந்தார். பதினோரு மஞ்சள் தாள்களும் அப்படியே இருந்தன. மேலே, அவர் வைக்காத ஒரு கமர்கட்டு.

டாக்டர் அவருக்கு இனிப்பை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. வேதாந்தம் கதவைச் சாத்திவிட்டு அதை வாயில் போட்டுக்கொண்டார். இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பெண் யாரிடமும் சொல்லவில்லை.