நாலு தப்புக்கு நாலு அர்த்தம்

"ஏன்னா, இந்தப் பிள்ளையையாவது பரீட்சை வைக்காம விடுங்கோளேன்!"

பஜ்ஜிக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அகிலாண்டம் கெஞ்சியதைக் கேட்டு வேங்கடசுப்ரமணியன் சிரித்தார்.

"எர்ரர், மிஸ்டேக், ஃபால்ட், பிளண்டர். நாலும் தப்புதான். ஆனா எது எந்தத் தப்பு? இதைச் சொல்லத் தெரியாதவனுக்கு என் பொண்ணு எதுக்குடீ?"

கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், தான் குடியிருக்கும் மாதுங்கா கட்டடத்துப் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து இலவசமாக இங்கிலீஷ் புகட்டுவார். வீட்டில் அகராதி மட்டும் கிடையாது. "நான் இருக்கறச்சே அது வேறயா?" என்பார்.

அகிலாண்டத்துக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. அவளுக்குப் படிக்கத் தெரிந்ததெல்லாம் அவருடைய மூக்குக்கண்ணாடிதான். பதில் பிடித்தால் அது மூக்கிலேயே இருக்கும். பிடிக்காவிட்டால் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். சம்பந்தம் அத்தோடு சரி.

செம்பூர்ப் பிள்ளை எம்.ஏ. படித்தவன். அவனுக்கே துடைத்தார். கல்யாண் பக்கத்திலிருந்து வந்த பேங்க் பிள்ளை வாயைத் திறந்து மூடுவதற்குள் துடைத்தார். ஒவ்வொரு தடவையும் ரேஷன் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கிளறிய சொஜ்ஜிதான் தண்டம். விஜிக்கு வயது இருபத்தாறு. இதுவும் தட்டிப்போனால் பெண் காலம் முழுக்க ஆபீசில் டைப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்த ஜாதகம் விஜியின் ஆபீஸ் சிநேகிதி மூலமாக வந்தது. பையன் பெயர் பஞ்சாபகேசன். இங்கிலீஷ் பத்திரிகை ஆபீசில் அச்சுப்பிழை திருத்துகிற உத்தியோகம்.

அம்மாவோடு வந்தான். சொஜ்ஜி ஆச்சு, பஜ்ஜி ஆச்சு. விஜி நமஸ்காரம் பண்ணிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் உள்ளே போனாள்.

வேங்கடசுப்ரமணியன் தொண்டையைக் கனைத்தார்.

'பிள்ளையாரப்பா, அந்தக் கண்ணாடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ!' சமையலறைக் கதவோரம் நின்று அகிலாண்டம் வேண்டிக்கொண்டாள்.

கேள்வி பிறந்தது. பஞ்சாபகேசன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. மளமளவென்று இங்கிலீஷில் பொழிந்தான். எர்ரர் தாண்டியது, மிஸ்டேக் தாண்டியது, ஃபால்ட்டும் தாண்டியது. கண்ணாடி அசையவே இல்லை. பிளண்டர் என்று அவன் ஆரம்பித்ததும் அவர் கை மெல்லக் கண்ணாடிக்குப் போயிற்று. போச்சு, எல்லாம் போச்சு என்று அகிலாண்டம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சபாஷ்!"

கண்ணைத் திறந்தாள். அவர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

"நாலும் சரி! இத்தனை வருஷமா நான் சொல்லிக்குடுக்கறதை அப்படியே, வரிக்கு வரி சொல்றாரே! இவர்தான்டீ என் மாப்பிள்ளை! தட்டை எடுத்துண்டு வா, இன்னிக்கே தாம்பூலம் மாத்திண்டுடலாம்!"

அகிலாண்டத்துக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. வெற்றிலை பாக்கைத் தட்டில் வைக்கும்போது, சமையலறைக்குப் பின்னால் குழாயடியில் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளை கை அலம்பிக்கொண்டிருந்தான். விஜி துண்டோடு நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தப்பைத் திருத்தறது என் உத்தியோகம் விஜி. தப்பை மனப்பாடம் பண்ணினது இதான் முதல் தடவை!" என்றான் அவன். "தினமும் ஸ்டேஷன்ல நின்னு உங்கப்பா பாடத்தை நீ மட்டும் சொல்லித் தரலேன்னா, நானும் அந்தச் செம்பூர்க்காரன் மாதிரி சரியான அர்த்தத்தைச் சொல்லிட்டு, வெறுங்கையோட திரும்பிப் போயிருப்பேன்!"