இனித் தவறாது

“இதுக்குச் செலவு பண்றது வீண்மா. வாங்கின விலையே நூத்தி எழுபது டாலர். விசை, ஸ்பிரிங், குழல் எல்லாம் நல்லதாப் போட்டா முந்நூறைத் தாண்டிடும். பேசாம இப்படியே விட்டுடுங்க.”

கென்டக்கியின் அந்தச் சின்ன ஊரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் வெர்ஜிலுக்குப் பிழைக்கத் தெரியாதவர் என்று பெயர். வருகிற வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்வார்.

எதிரே நின்ற நோரீனின் முகத்தில் உயிர் வந்தது.

“இதையே ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க சார். சரிபண்ண முடியாதுன்னு போடுங்க. வீட்டுக்காரர்கிட்ட காட்டணும்.”

கையில் காசில்லை, வீட்டில் சொல்ல வெட்கம் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தபடி வெர்ஜில் பேனாவை எடுத்தார். என்ன கோளாறு என்றும் கேட்டு வைத்தார்.

அழுத்தினால் டிக்கென்று சத்தம் மட்டும்தான் வருகிறதாம். போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு, சமையலறையில், இரண்டு தடவை அப்படி ஆனதாம். கடையில் உப்பு வாங்கியதைச் சொல்வதுபோல் சொன்னாள்.

வெர்ஜிலுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. சுரங்க வேலைக்குப் போகிற ஆண்கள் பெண்டாட்டி கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போகிற ஊர் அது. எவனோ வீட்டுக்குள் புகுந்திருக்கிறான். இந்த மலிவுச் சனியன் சமயத்தில் காலை வாரிவிட்டிருக்கிறது. இவள் எப்படித்தான் தப்பினாளோ தெரியவில்லை.

பேனாவைக் கீழே வைத்தார். “உயிர் போற விஷயத்துல கணக்குப் பார்க்கக் கூடாதும்மா. காசே வேண்டாம், நான் போட்டுத் தரேன்.”

அதெல்லாம் வேண்டாம், சீட்டு மட்டும் போதும் என்று அவள் கெஞ்சினாள். ரோஷக்காரி என்று எண்ணிக்கொண்டார் வெர்ஜில். நல்லது செய்ய இறங்கிவிட்டால் மனிதருக்கு யார் பேச்சும் காதில் ஏறாது. தன் கையிருப்பிலிருந்தே உயர்ந்த சாமான்களாகப் பொறுக்கி எடுத்தார்.

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கடை மூலையிலிருந்த மணல் பீப்பாய்க்குள் நாற்பது தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தார். ஒன்றுகூட ஏமாற்றவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் நோரீனின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

“எப்பவாவது ஒரு தடவை தவறும்தானே சார்?”

“இனித் தவறவே தவறாது. அதுக்கு நான் பொறுப்பு.”

பையில் போட்டு நீட்டியபடி, அன்றைக்கு வீட்டுக்குள் வந்தவன் பிடிபட்டானா என்று விசாரித்தார்.

“யாரும் வரலை சார். என் வீட்டுக்காரர்தான் என் நெத்தியில வெச்சு ரெண்டு தடவை அழுத்தினாரு,” என்றாள் நோரீன், உதட்டை அசைக்காமல். “சிரிச்சுக்கிட்டே குடுங்க. வெளியே வண்டியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருக்காரு.”