மிசினுக்கு இரண்டு யன்னல்

அன்று கொட்டிலுக்கு முன்னால் நின்றவர்கள்: துறைமுகத்தடி ஐஸ் ஆலை முதலாளி இரத்தினசிங்கம், எஞ்சினியர் சிவகுருநாதன், மேசன் ஒருவன், ஐஸ் உடைக்கிற தம்பிராசா. பழைய வலைக் கொட்டிலில் ஜெனரேட்டர் வைப்பதற்குத்தான் இந்த மாநாடு.

"மிசினுக்கு நல்லாக் காத்து வேணும்," என்றார் எஞ்சினியர்.

"ரெண்டு பக்கமும் யன்னல் வெட்டுவம் ஐயா. பாவம், மூச்சு விடவேணுமெல்லே?" என்றார் முதலாளி.

தம்பிராசாவும் வருடக்கணக்காக ஒரு யன்னல் கேட்கிறான். அதற்கு மட்டும் மேசன் அகப்படவில்லை.

"ஈரம் ஆகாது. புகைக்குழாய் வெளியால போகவேணும்," என்று எஞ்சினியர் அடுக்கினார்.

எல்லாவற்றுக்கும் முதலாளி ஓம் போட்டார். சொந்த மருமகனைக்கூட அவர் இப்படித் தாங்கியதில்லை.

"டீசல் பீப்பாக்களை இதுக்குள்ள வைக்க ஏலாது. ஒரு பொறி போதும். ஆலைக்குப் பின் அறையில வையுங்கோ. அங்க ஆக்கள் புழங்குறேல்லையே?"

"ஒருத்தருமில்லை ஐயா."

எஞ்சினியர் திருப்தியோடு ஜீப்பில் ஏறினார். தம்பிராசா பீப்பாக்களைப் பின் அறைக்கு உருட்டினான்.

பொழுதுபட முதலாளி திறப்போடு அந்த அறையடிக்கு வந்தார். விடியவே வள்ளங்களுக்கு ஐஸ் உடைக்க ஆள் வேண்டும். பூட்டாமல் விட்டால் தம்பிராசா கிளிவெட்டிக்குப் பெண்சாதியிடம் ஓடிவிடுவான்.

"முதலாளி, இனியாவது இந்த அறைக்கு ஒரு யன்னல்..."

"நீயென்ன மிசினோ? போ உள்ளுக்கு. விளக்குக் கொளுத்திப்போடாதை, பீப்பா கிடக்கு."

தம்பிராசா பீப்பாக்களுக்கு நடுவே பாயை விரித்தான். முதலாளி கதவைச் சாத்திப் பூட்டினார்.