வழுக்கும் தண்ணீர்

"காதுல விழல தம்பி. இன்னும் கொஞ்சம் சத்தமா!" என்றார் பெரியவர், உள்ளங்கையைக் காதோரம் குவித்துக்கொண்டு.

மெக்கானிக் அடிவயிற்றிலிருந்து கத்தினான். "உப்புத் தண்ணியை மாத்துற சாஃப்டனர்ல ரெண்டு தினுசு இருக்கு சார்! ஒண்ணு ஆட்டோமேட்டிக், தன்னைத் தானே கழுவிக்கும்! இன்னொண்ணு கையால திருகுறது! வாரம் ஒருவாட்டி உப்பைக் கரைச்சு ஊத்திக் கழுவணும்! கம்பெனியிலேர்ந்து ஆள் வந்து செஞ்சு கொடுப்பாங்க!"

சுவர்க் கடிகாரமே ஒரு விநாடி நின்று கேட்டுவிட்டுப் பிறகு ஓடியது.

"ஆள்னா யாரு, நீயா?"

"நான்தான் சார்!"

"அப்ப கையால திருகுறதே போடு."

"ஆட்டோமேட்டிக்தான் சார் நல்லது! யாரும் வர வேண்டியதே இல்ல!"

"அதனாலதான் அது வேணாங்கறேன்."

மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. தனிக்கட்டை. மீட்டர் பார்க்க வருகிறவனைக்கூட உட்கார வைத்துப் பேசும் ரகம். அவனுக்குத் தெரியாததா என்ன? அவன் வீட்டில் அவனோடு பேசுவது சமையலறைக் குழாயின் சொட்டு ஒன்றுதான்.

தண்ணீர் என்னவோ லேசுப்பட்டதல்ல. வாளி விளிம்பில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. சோப்பு தேய்ந்ததே தவிர நுரை எட்டிப் பார்க்கவில்லை. உப்பின் அளவைப் பார்க்க, சோதனைப் புட்டியில் பிடித்த தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டான். சிவப்பு நீலமாக மாறுவதற்குள் அவனுக்குக் கொட்டாவியே வந்துவிட்டது.

"எத்தனை பேருக்கு சார் போடணும்?"

"மூணு பேருக்குத் தாங்குற மாதிரி போடு."

தனியாக இருப்பவர்களுக்குத் தலைக்கணக்கு எப்போதும் கூடத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டான். சாத்தியிருந்த பின்னறையைக் காட்டி, "இதுல குழாய் இருக்கா சார்?" என்றான்.

"அதுல பழைய சாமான் ஒண்ணு கிடக்கு. அதை விடு."

தொட்டியை நிறுத்தி, குழாயை அறுத்து, வால்வுகளைப் பூட்டினான். "ஒரு வாஷர் குறையுதே," என்று வாய்க்குள் முனகினான். பெரியவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வாஷரை எடுத்து நீட்டினார். நல்ல மனிதர் என்று வாங்கிப் பொருத்திவிட்டு அடுத்த மரையைத் திருகினான்.

"முடி ரொம்பக் கொட்டியிருக்கே தம்பி. உன் வீட்டுல மெஷின் இல்லையா?"

"இல்ல சார்! உப்புத் தண்ணிதான்!"

"நல்லாருக்கே! குடை விக்கிறவன் மழையில நனையுறானாக்கும்!"

"அது பெரிய கதை சார்."

"என்ன? சத்தமா சொல்லு!"

சொந்த சோகத்தை யாரும் முணுமுணுக்கத்தான் செய்வார்கள். ஊருக்குக் கேட்கக் கத்திச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

"வேலைக்குச் சேர்ந்ததும் முதல் மெஷினை எங்க வீட்டுலதான் போட்டேன் சார்! அப்பா குளிச்சுட்டு வந்து, 'உடம்பெல்லாம் வழுக்குதுடா, சோப்பு போகவே மாட்டேங்குது, கழட்டு'ன்னாரு! இந்தத் தண்ணி அப்படித்தான் இருக்கும், உங்களுக்கு என்ன தெரியும்னு ஒரு வார்த்தை விட்டுட்டேன்! துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனவர்தான்! ரெண்டு வருஷம் ஆச்சு! எங்க இருக்காருன்னு தெரியல! போன் பண்ணா எடுக்கறதில்ல!"

"அடப்பாவமே, குளிச்ச தண்ணிக்கா சண்டை! இன்னும் அவர் மேல கோவமா?"

"கோவமா? மறுநாளே மெஷினைக் கழட்டிட்டேன் சார்! என்னைக்காவது திரும்பி வந்தா குளிக்கணுமேன்னு..." அவன் குரல் இறங்கியது. "இன்னும் உப்புத் தண்ணியாவே வச்சிருக்கேன்."

"கடைசியா என்னமோ சொன்னியே, அது விழல. இன்னொருவாட்டி சொல்லு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினான்.

"உப்புத் தண்ணியாவே வச்சிருக்கேன் சார்!"

பெரியவர் எதற்கோ இருமிக்கொண்டார்.

வேலை முடிந்ததும் மெக்கானிக் குழாயைத் திறந்து சோப்பைத் தேய்த்துக் காட்டினான். நுரை முழங்கை வரை ஏறியது. பெரியவர் விரலை நனைத்து, தேய்த்துப் பார்த்து, "ஆமா, வழுக்கத்தான் செய்யுது," என்றார்.

"அடுத்த வாரம் வர்றேன் சார்!"

"வந்துடு தம்பி. சாக்கு சொல்லாதே."

தெருமுனைக்குப் போன பிறகுதான் ஸ்பேனர் நினைவுக்கு வந்தது. திரும்பி நடந்தான். வாசல் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

பெரியவர் பின்னறைக் கதவில் வாயை ஒட்டி வைத்து ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "எல்லாம் சரிடா. இந்தத் தண்ணியில இனிமே நீ எப்படிடா குளிப்பே?"

உள்ளேயிருந்து, மூக்கை உறிஞ்சியபடி, அதைவிடத் தணிந்த குரலில் பதில் வந்தது.

"வழுக்கினா வழுக்கட்டும்டா... பையன் வாராவாரம் வருவான்ல!"