நாற்பது நாள் முதுமை

முதியோர் பராமரிப்பை ஆராய வருகிறவர்களுக்குப் பல்கலைக்கழகம் உதவித்தொகை தர ஒரே நிபந்தனைதான்: நாற்பது நாள் முதுமைச் சட்டையைக் கழற்றாமல் வாழ வேண்டும். அதை மாட்டிவிட்டால் முழங்கால் மடங்காது, கண் மங்கும், காது மந்தமாகிவிடும்.

முப்பத்தைந்து வயது நவநீதன் அந்தச் சட்டையோடு பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்த முதல் நாளே குளியலறையில் வழுக்கி விழுந்தான். மனைவி பதறிப்போனாள். சாயங்காலத்துக்குள் கொத்தனாரை வரவழைத்து, சுவரைத் துளைத்து, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதித்தாயிற்று. "கைப்பிடி இல்லாத குளியலறை முதியவர்களுக்குச் செய்யும் அநீதி" என்று அன்றைய அறிக்கையில் சூடாக எழுதினான் நவநீதன்.

மறுநாள் காலை அப்பா சுடலைமுத்து குளிக்கப் போனார். அவருக்கு எண்பத்தொரு வயது. ஆறு வருஷமாக அங்கே தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து வருகிறார். அவர் கம்பி கேட்டபோதெல்லாம், "புது டைல்ஸுப்பா, தொளை போட்டா விரிஞ்சிரும்" என்று சொன்னவன் இதே நவநீதன்தான்.

குளித்துவிட்டு ஈரக் கையோடு அவன் முன்னால் வந்து நின்றார்.

"எய்யா, கம்பி நல்லாருக்கு. நீ சட்டையக் கழத்துனதும் இதையும் கழத்திருவியா?"

நவநீதன் சட்டைமேல் பழியைப் போட்டு, காதில் விழாதவன்போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்பா இன்னும் கிட்டே வந்தார். அந்த வீட்டில் யாரும் அவரிடம் காட்டியிராத பொறுமையோடு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, மறுபடியும் கேட்டார்.