களைப்பு மணி

உடம்பு எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்று ஆயுள் முழுக்க ஆராய்ந்த ஆமை வைத்தியர் ஒருத்தர் இருந்தார். நம்பாதவர்கள் செக்குமாட்டைக் கேட்டுப் பாருங்கள். கட்டிக்கொண்டவர் களைத்தால் தானே அடிக்கும் மணியொன்றைச் செய்து, அதன் கழுத்தில்தான் கட்டினார்.

"மணி அடிச்சா உனக்கு ரெண்டு நாள் லீவு."

மாடு அதை நம்பிச் செக்கைச் சுற்றியது. சாயங்காலம் முழங்கால் மடங்கி விழுந்தும் மணி அடிக்கவில்லை.

"ஏன்டா அடிக்கலை?" என்று ஆமை மணியைக் கேட்டார்.

"போங்க வைத்தியரே! நாள் பூரா இவன் கழுத்துல தொங்கினதுல எனக்கே களைப்பு. நாக்கைத் தூக்க முடியலை."

ஆமை பதறிப்போய் நாக்கைத் தொட்டுப் பார்த்தார். "அடப் பாவமே, துவண்டுல்ல கிடக்கு!"

உடனே மணிக்கு இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தார்.

மணியை வீடுவரை சுமந்துபோய் விட்டுவரும் வேலை மாட்டுக்கு.